ரேடியோவில் சொன்ன ஊர்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நாங்கள் நலம், நீ நலமா என்று தொடங்குவதுதான் முறை, ஆனால் நீ நலம் என்று தெரிந்த பிறகுதான் நாங்கள் நலமா இல்லையா என்று எனக்கே தெரியும், அதனால் முதலில் நீ சொல். போனில் வாயைத் திறப்பதற்குள் லைன் போய்விடுகிறது. சண்டை நடந்தாலும் உன் துறைமுக ஊருக்குத் தபால் இன்னும் போகிறது என்று தபால் ஆபீஸ் அம்மாள் சொன்னதால் எழுதுகிறேன், போனில் சொல்ல முடியாத விஷயமும் ஒன்று இருக்கிறது.

அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. அண்ணன் வீடு மாற்றிவிட்டான், அலமாரி புது வீட்டு வாசலில் நுழையாமல் இரண்டு நாள் படிக்கட்டிலேயே நின்றது. எனக்குத்தான் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை, இந்த நாலு வரி எழுதுவதற்குள் மூன்று தடவை எழுந்து ரேடியோவைப் போட்டுவிட்டு வந்தேன். இருபத்தெட்டு வருடமாக லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் கதவுக்கு வெளியே நின்று, பயப்படாதீங்க, கயிறு அறுந்துடாது, மூச்சை மெதுவா விடுங்க என்று சொல்லி வந்தவன் நான். போன வாரம் துணிக்கடை லிஃப்டில் காதை ரேடியோவில் வைத்துக்கொண்டே பிரேக்கைத் திருகியதில் அது மாடிக்கு மாடி நாலு விரல் கீழேயே நின்றது. முதலாளி திட்டவில்லை, ஸ்பேனர் பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டு இன்னைக்கு வீட்டுக்குப் போங்க என்றார், திட்டியிருந்தால் தேவலை. அம்மா எப்போதும் போலக் காலையில் கண்ணை மூடி உட்காருகிறாள், எழுந்து அடுப்பைப் பற்றவைக்கிறாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன், மடியில் ரேடியோ. இப்படி வேண்டினா நீங்க சொல்றது கடவுளுக்கும் கேக்காது, அது சொல்றது உங்களுக்கும் கேக்காது என்றாள்.

சொல்ல வந்தது இதுதான். செவ்வாய்க்கிழமை அப்படி உட்கார்ந்து, கடவுளே, இன்றைக்கு அவள் ஊரில் எதுவும் விழக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தபோதே செய்தி வந்தது, ரயில் நிலையத்தின்மேல் குண்டு விழுந்ததாக. ஊர்ப் பெயரைச் சொன்னார்கள், உன் ஊர் இல்லை. நன்றி கடவுளே என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, அது நம்ம சலூன்காரர் பையன் இருக்கிற ஊருங்க என்றாள். தெருமுனை சலூன் மாமாவின் மகன்தான், சின்ன வயதில் அப்பாவிடமே தலையைக் கொடுக்காமல் ஓடுவானே, நீங்களெல்லாம் சடையன் என்று கூப்பிடுவீர்களே, அவன். அங்கே லாரி ஓட்டுகிறான். உன் தலையில் விழக்கூடாது என்று நான் கேட்டது, வேறு யார் தலையிலாவது விழட்டும் என்று கேட்டதாகத்தானே ஆகிவிட்டது.

மூன்று நாள் அவனிடமிருந்து தகவலே இல்லை. நான் சலூன் பக்கம் போகாமல் அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போனேன், வேண்டிக்கொள்ளவும் வாய் வரவில்லை. மூன்றாம் நாள் மனசு கேட்காமல், சவரத்தைச் சாக்காக வைத்துப் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். அன்றைக்கு நான் நன்றி கடவுளே என்றதை அவரிடம் சொல்வதற்கு நேரம் பார்த்தேன் பார், கத்தி என் தொண்டையில் இருக்கும்போது. அவர் கை நின்றது. கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு, அண்ணே, போன மாசம் துறைமுகத்துல விழுந்துச்சுன்னு சொன்னப்ப நானும் அப்பாடான்னுதான் சொன்னேன், உங்க பொண்ணு அங்க இருக்குங்கிறதே எனக்குச் சாயங்காலம்தான் ஞாபகம் வந்துச்சு என்றார். பாதிச் சவரத்தோடு நான் அழுதேன், அவரும் அழுதார், பெஞ்சில் காத்திருந்த பஸ் கண்டக்டர் பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். அப்புறம் அவரே சொன்னார், அவங்கவங்க பிள்ளைக்கு அவங்கவங்க கேட்டா இப்படித்தான் ஆகும், நீங்க என் பையனுக்குக் கேளுங்க, நான் உங்க பொண்ணுக்குக் கேக்குறேன் என்று. அன்றிலிருந்து அப்படித்தான் நடக்கிறது. அம்மா இதில் சேரவில்லை, அவள் முதலிலிருந்தே எல்லோருக்கும் சேர்த்துக் கேட்பவள்.

மறுநாள் அவனிடமிருந்து ஒரு வரி வந்தது. உயிரோடு இருக்கிறான், தங்கியிருந்த வீட்டுக்குக் கூரை இல்லை, ஏதோ பள்ளிக்கூடத்தில் படுத்திருக்கிறான். என் வேண்டுதலால்தான் என்று சொல்ல மாட்டேன், எனக்கு இரும்புக் கயிறு தெரியும், அதற்கு மேலே நடப்பது தெரியாது. ஆனால் அவனுக்காகக் கண்ணை மூடும்போது ரேடியோ நினைவு வருவதில்லை. எழுந்ததும் பழையபடி பதறுகிறேன், அதையும் உன்னிடம் மறைக்கவில்லை. சலூன்காரர் வேறு மறதிக்காரர், என் கிருதாவை ஒரு பக்கம் அரை விரல் ஏற்றி வெட்டுகிற மனிதர், அவரிடம் உன்னை ஒப்படைத்துவிட்டு எப்படிச் சும்மா இருப்பது. தினமும் வேலைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்து, கேட்டாச்சா என்று விசாரிக்கிறேன். வீட்டுப்பாடம் பாக்குற வாத்தியார் மாதிரி அவரைப் படுத்தாதீங்க என்கிறாள் அம்மா.

சைரன் கேட்டால் உன் ஆய்வகத்தில் கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு இறங்கு, லிஃப்டில் மட்டும் ஏறாதே, நான் சொல்கிறேன், படியில் இறங்கு.

நீ நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க அம்மாவின் ஆசிகள். இந்த இடத்தில் நானும் உனக்காக வேண்டிக்கொள்கிறேன் என்று எழுத வேண்டும், எழுத முடியவில்லை. வேண்டும்போது உன் பெயரை நான் இப்போது சொல்வதில்லையம்மா, நாக்கு நுனிவரை வருகிறது, விழுங்கிவிடுகிறேன். ஆகவே மறக்காமல் ஒன்று செய். பின்பக்கம் அந்தப் பையனின் நம்பர் இருக்கிறது, கூப்பிட்டு, சாப்பிட்டானா, போர்த்திக்கொள்ள ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு எனக்கு எழுது. அவன் இப்போது என் பொறுப்பு.

இப்படிக்கு,
உன் அப்பா