உருக்கி உருக்கிக் கெட்ட நொதி

பெரியவளின் அம்மாவுக்கு,

இங்கு நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா? மாத்திரையை நிறுத்திவிடாதே.

மனித செல்லில் டிஎன்ஏவின் இரண்டு இழைகளைப் பிரித்துவிடும் நொதி ஒன்றை எட்டு மாதமாக ஆய்வகக் குளிரறையில் நின்று பிரித்தெடுத்தேன் என்று எழுதியிருந்தேனே, அது கெட்டுவிட்டது. பயப்படாதே, வேலை போகவில்லை.

"சின்னச் சின்னக் குழாயா பிரிச்சு உறைய வைங்க ஐயா. திரும்பத் திரும்ப உருக்கினா செத்துரும்" என்று ஆய்வாளர் அம்மா சொன்னார்.

"நீங்க படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டவங்க, நான் செஞ்சு தெரிஞ்சுக்கிட்டவன்" என்று சொல்லி, எல்லாவற்றையும் ஒரே குழாயில் வைத்தேன். நாலாம் முறை உருக்கியபோது ஓர் இழைகூடப் பிரியவில்லை. உறைபெட்டியில்தான் கோளாறு என்று சாதித்தேன். மெக்கானிக் வந்து கழற்றிப் பார்த்துவிட்டு, "பெட்டி நல்லாத்தான் இருக்கு பெரியவரே" என்றான். அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன்.

இனி முதலிலிருந்து தொடங்க வேண்டும். பேத்தியின் பிறந்தநாளுக்கு வர முடியாது. நீ பின்னிய கம்பளிக் கையுறையை அனுப்பு. குளிரில் விரல் மரத்துப்போகிறது.

நாளைக் காலை ஆய்வாளர் அம்மாவிடம் உண்மையைச் சொல்லப்போகிறேன். நாற்பது வருடத்தில் உன்னிடம்கூட அப்படிச் சொன்னதில்லை. அதனால் முதலில் உனக்கு எழுதிப் பழகிக்கொள்கிறேன்: தப்பு என்னுடையதுதான்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

உன் வீட்டுக்காரன்