ஊருக்குப் போயிருக்காக

ஜூன் 11, செவ்வாய்

லீவில் மூன்றாவது வாரம். பேக்டரியில் தேயிலை சலிக்கும் அறையில் இருபத்திரண்டு வருடம் நின்றதில் தூளெல்லாம் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறதாம். எஸ்டேட் டாக்டர் சொன்னார். வாயில் வைத்து இழுக்கிற மருந்து கொடுத்திருக்கிறார். ஒரு மண்ணும் கேட்கவில்லை. வாசலிலிருந்து குழாயடிக்குப் போவதற்குள் இரண்டு தடவை நிற்கிறேன்.

மகள் மோனிஷா மதுரையிலிருந்து பேசினாள். நர்சிங் இரண்டாம் வருடம். "எனக்கென்ன, ராஜா மாதிரி இருக்கேன்" என்று அளந்துவிட்டேன்.

ஜூன் 13, வியாழன்

எங்கள் லயத்தில், எஸ்டேட் வீட்டு வரிசையில், பக்கத்து வீட்டு சூசையப்பன் வந்தான். "வே பாண்டித்துரை, வெல்ஃபேர் ஆபீசர் ஷீனா லயம் லயமா வருது. லீவுல கிடக்கவன் தேறுவானா மாட்டானான்னு எழுதிட்டுப் போகுதாம். மாட்டான்னா வேலைப் பதிவுலருந்து பேரை வெட்டிருவாக."

பேர் போனால் இந்த வீடும் போகும். வீடு நிற்க வேண்டுமென்றால் பிள்ளை வந்து அந்தப் பேரை எடுக்க வேண்டும். எஸ்டேட் வழக்கம் அது. என் பெண்டாட்டி சாந்தம்மாள் தற்காலிக ஆள். அவள் பேருக்கு வீடு கிடையாது. அப்போ மோனிஷாவா? படிப்பை விட்டுவிட்டு வந்து கொழுந்து கிள்ளவா? அதற்கு நான் செத்துப்போகலாம்.

ஜூன் 14, வெள்ளி

ஷீனா வந்தார். நான் கதவுக்குப் பின்னால். சாந்தம்மாள் வாசலை மறித்து, "அவக ஊருக்குப் போயிருக்காக. சங்கரன்கோயில்ல ஒரு சாவு" என்றாள். நான் கம்பளியைக் கடித்துக்கொண்டு நின்றேன். அப்படியும் இருமல் வந்தது.

யாரைச் சாகடித்தாய் என்று கேட்டேன். "உங்க சித்தப்பாவத்தான்." அவர் போய் மூன்று வருடமாகிறது. சிரிக்கக்கூட மூச்சு இல்லை.

ஜூன் 17, திங்கள்

மறுபடியும் வந்தார். மறுபடியும் அதே பொய்.

ஜூன் 20, வியாழன்

இன்றும். விடமாட்டார் போல.

ஜூன் 21, வெள்ளி

சூசையப்பன் புதிதாக ஒன்றைச் சொல்கிறான். சொல்லாமல் ஊருக்குப் போனால் சிக் லீவ் செல்லாதாம். பத்து நாள் தாண்டினால் தன்னாலே பேர் போய்விடுமாம். பாவி, இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

பதினான்காம் தேதியிலிருந்து பத்து நாள். திங்கட்கிழமையோடு சரி.

ஜூன் 23, ஞாயிறு

என்ன மடையன் நான். பேர் போயிரும்னு ஒளிஞ்சேன் — ஒளிஞ்சதாலயே போகப்போவுது. மோனிஷாகிட்ட என்னன்னு சொல்ல? வா தாயி, கூடையை எடுன்னா? சாந்தம்மாள் அழுகிறாள். அவள் மேல் கத்திவிட்டேன். பொய் சொல்லச் சொன்னதே நான்தானே.

ஜூன் 24, திங்கள்

மழையில் ஷீனா இருக்கும் டிஸ்பென்சரி வரை நடந்தேன். கால் மணி நேர வழி, ஒரு மணி நேரம் ஆயிற்று. ஷீனா நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"நான் ஊருக்கே போகலை மேடம். வீட்லதான் இருந்தேன்."

"அறியாம், தெரியும் அண்ணே. உங்க இருமல் ரோட்டு வரை கேட்குது."

பைலைத் திறந்தார். மலையாளத்தில் எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னார். மூன்று தேதியிலும் ஒரே வரி: ஆள் வீட்டில் இருக்கிறார், இருமல் கேட்டது, பயந்து வெளியே வரவில்லை. அதனால் லீவு செல்லும், பேரும் இருக்கிறது.

அவர் அலைந்தது வேலை மாற்றத்துக்கு என் கையெழுத்து வாங்க. தூள் படாத வேலை கொடுக்கச் சொல்லி டாக்டர் முதல் வாரமே எழுதிவிட்டாராம். நாற்றுப் பண்ணையில், முதலில் அரை நாள் மட்டும். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். அதற்குப் பிறகு என்ன என்று கேட்டேன். "அது எனக்கும் தெரியாது அண்ணே" என்றார்.

அந்த அம்மா முன்னால் அழுதுவிட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது.

ஜூலை 8, திங்கள்

பண்ணையில் முதல் நாள். உட்கார்ந்தபடியே பைகளில் மண் நிரப்பினேன். பெண்கள் நூறு பை முடிக்கும்போது நான் முப்பது.

சாயங்காலம் மோனிஷா பேசினாள். மூச்சு எப்படி இருக்கு என்றாள். இன்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். தூள், லீவு, ஒளிந்தது, எல்லாம். உடனே வீடியோவில் வரச் சொன்னாள். "அந்த மருந்தை எப்படி இழுக்கீகன்னு காட்டுங்கப்பா."

காட்டினேன்.

இத்தனை நாளும் தப்பாகத்தான் இழுத்திருக்கிறேன்.