நாடி சீராக உள்ளது

அக்கா,

இறுதியாண்டு மாணவி ஒருத்தி இன்று காலை என் ஃபோனுக்கு ஒரு பிடிஎஃப் அனுப்பியிருந்தாள். பரீட்சைக்குத் திரும்பப் படிக்க வேண்டிய இதய நோய்கள். முதல் பக்கத்தில் நீங்கள்! பெயர் இல்லை. ‘ஷாதிபூர்ப் பெண், வயது முப்பத்தெட்டு, மைட்ரல் வால்வு சுருக்கம், நாடி சீராக உள்ளது.’ நீங்கள் போய் நான்கு வருஷமாகிறது. இந்தப் பிள்ளைகளுக்கு உங்கள் வயது இன்னும் முப்பத்தெட்டுதான்.

எங்கள் மருத்துவக் கல்லூரியில் ஒவ்வொரு செய்முறைப் பரீட்சைக்கும், மாணவர்கள் சோதித்துப் பார்க்கும் நோயாளியாக உங்களைக் கூப்பிட்டுக் கட்டிலில் உட்கார வைப்பார்கள். எங்களைவிட உங்களுக்குத்தான் பாடம் அத்துப்படி. ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக்கொண்டு நான் திருதிருவென்று விழித்தபோது, “அரே தம்பி, இடது பக்கம் சாஞ்சு படுக்கச் சொல்லு. அப்பத்தான் அந்தச் சத்தம் கேக்கும்” என்று கிசுகிசுத்தீர்கள். சொன்னேன். கேட்டது.

அப்புறம் மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி தாறுமாறாக ஓடியது.

“காலைல நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப நெஞ்சு படபடங்குது, தக்லீஃபா, ஒரே கஷ்டமா இருக்கு” என்றீர்கள்.

“பரீட்சைன்னா எனக்கும் அப்படித்தான்க்கா” என்று சிரித்தேன். சிரித்தேனே, பாவி!

வால்வு சுருங்கியவர்களுக்கு நாடி தாறுமாறானால் இதயத்துக்குள் ரத்தம் உறையும், அது மூளைக்குப் போய் அடைக்கும், உறையாமலிருக்க மருந்து தொடங்க வேண்டும். முந்தின நாள்தான் நண்பர்களிடம் இதை மூச்சுவிடாமல் ஒப்பித்திருந்தேன். ஆனால் பரீட்சைக்கு வரும் நோயாளிகளைப் பற்றி சீனியர்கள் எழுதிவைத்து எங்களுக்குள் சுற்றிய தாளில் ‘சீராக’ என்றிருந்தது. தேர்வாளரும் உங்களைக் காலையில், நாடி சீராக இருந்தபோதே பார்த்துவிட்டிருந்தார். மாற்றிச் சொன்னால் மதிப்பெண் போய்விடுமோ என்று பயம். “நாடி சீராக உள்ளது, சார்” என்றேன். பாஸ்.

ஒன்பதாம் நாள் ஜங்லிகாட் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது நின்ற இடத்திலேயே விழுந்தீர்கள். வார்டுக்கு ஓடிவந்து பார்த்தேன். வலது கை, கால் அசையவில்லை. வாய் கோணியிருந்தது. ஒரு வார்த்தை வரவில்லை. உங்கள் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பரீட்சைல இத்தனை பேரு பாத்தீங்களே தம்பி, ஒருத்தருக்குக்கூடத் தெரியலையா?”

“திடீர்னு வர்றதுதாண்ணே” என்றேன். மூன்றாம் நாள் நீங்கள் போய்விட்டீர்கள்.

இப்போது வண்டூர்ப் பக்கம் ஒரு சுகாதார நிலையத்தில் எனக்கு டாக்டர் வேலை. யார் வந்தாலும் ஒரு நிமிடம் முழுக்க நாடி பிடிக்கிறேன். நிதானமான டாக்டர் என்று ஜனங்கள் மெச்சும்போது எரிச்சல்தான் வருகிறது. உங்கள் வீட்டுக்காரரும் பிரஷர் மாத்திரைக்கு இரண்டு பஸ் மாறி என்னிடமே வருகிறார். “நீங்க அன்னைக்கு இருந்திருந்தா அவ பொழச்சிருப்பா, டாக்டர் பாபு” என்றார் போன வாரம். நானும் அந்தப் பரீட்சையில் இருந்தவன் என்பதையே மறந்துவிட்டார். எனக்குத் தெரிந்திருந்தது என்று அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை, அக்கா.