மரத்தடியில் விட்ட வான்

வெம்பிளியை வசிப்பிடமாகக் கொண்டதும், எண்ணிறந்த மழைகளைக் கண்டதுமான உங்கள் வானின் இடது பக்கத்து வைப்பர் இன்று காலை காலமானது என்பதை ஆழ்ந்த துயரத்துடன் அறியத்தருகிறேன். அன்னார் வலது பக்கத்து வைப்பரின் பாசமிகு சோடியும், முன் கண்ணாடியின் நீண்டகால ஊழியரும் ஆவார். உற்றார், உறவினர், கராஜ்காரர் அனைவரும் இவ்வறிவித்தலை ஏற்றுக்கொள்ளவும். தகவல்: நான்.

உங்களுடைய மரண அறிவித்தலைத் தமிழ்ப் பேப்பருக்கு எழுதிக்கொடுத்ததும் நான்தான், அண்ணை. அதில் ஒரு பகிடியும் வரக்கூடாது என்று அம்மா என் பக்கத்திலேயே காவல் நின்றார். அன்று விட முடியாததை இன்று வைப்பருக்கு விட்டுவிட்டேன்.

செத்த வைப்பரை உள்ளே போடக் கதவைத் திறந்தபோது ஈரக் கம்பளமும் மண்ணும் கலந்த மணம் வந்தது. போன ஓகஸ்டில் வேல்ஸ் கரையில் ஏறிய மண். அக்கா, உங்கள் மனைவி, எவ்வளவு உரஞ்சியும் போகவில்லை. முன் சீற்றில் கொஞ்சநேரம் இருந்துவிட்டு இதை எழுத வந்தேன்.

எங்கள் வீட்டு மேல் அறையில் பல வருடம் தனியாக இருந்தீர்கள். பெற்றோல் ஷெட்டில் இரவு ஷிப்ட், பகலில் நித்திரை. உங்கள் மனைவியும் மகள் துளசியும் கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தபோது அவளுக்கு ஏழு வயது. நீங்கள் நாட்டை விட்டு வெளிக்கிட்டபோது அவள் பிறந்திருக்கவேயில்லை. விமான நிலையத்தில் உங்களைக் கண்டதும் தாய்க்குப் பின்னால் ஒளித்தவள், வீட்டுக்கு வந்தும் வெளியே வரவில்லை. என் அப்பா அவளுக்கு மாமா, பக்கத்து வீட்டுக்காரர் மாமா, நீங்களும் மாமா. ஒருநாள், "அந்த மாமாவைக் கதவைச் சாத்தச் சொல்லுங்கோ" என்று தாயிடம் சொன்னாள். நீங்கள் சாத்திவிட்டுக் குசினிக்கு வந்து என்னிடம் கேட்டீர்கள், படுக்கிற வான் ஒன்று வாங்கினால் எப்படி என்று.

நோர்பரியில் ஒருவர் விற்க வைத்திருந்த பழைய வான் அது. நாலு பேர் படுக்கலாம், ஒருவரும் கால் நீட்டாவிட்டால்.

"வீட்டில எண்டா ஓடி ஒளிக்கிறாள். அதுக்குள்ள எங்க ஓடுறது? ஒருக்கா அப்பா எண்டு கூப்பிட்டாக் காணும் எனக்கு" என்றீர்கள். வானம் ஒழுகினால் குடை இருக்கிறது, வான் ஒழுகினால் என்ன பிடிப்பீர்கள் என்று கேட்டேன். நீங்கள் சிரிக்கவில்லை. அப்போதுதான் விஷயம் பெரிது என்று விளங்கியது.

படுக்கிற வான்களை விட்டுத் தங்கும் காரவன் பார்க் தெரிவுசெய்யும் இலாகா எனக்குத் தரப்பட்டது. வேல்ஸ் கரையோரப் பார்க்குகளின் விபரப் புத்தகத்தை மாடிப்படியில் விரித்து வைத்து, நான் போனில் இங்கிலீசில் கதைக்க, நீங்கள் பக்கத்தில் நின்று தமிழில் கேள்வி ஊட்டினீர்கள். கடல் தெரியுமா. தண்ணீர்ப் பைப் கிட்டவா. கருவாடு பொரித்தால் பக்கத்து வான்காரர் எழும்பி ஓடுவார்களா. கடைசிக் கேள்வியை நான் என் பொறுப்பில் விழுங்கினேன். புத்தகத்தில் தரத்துக்குக் கொடி அடையாளம் போட்ட பார்க்குகளில் பின்னேரம் கழுத்தில் ரை கட்டவேண்டும் என்று நான் அவிழ்த்துவிட்டதை நம்பி, கல்யாண வீட்டு ரையை மடித்துப் பையில் வைத்தீர்கள்.

சண்டை ஒரே இடத்தில்தான் வந்தது. அந்தப் பக்கம் மழை விடாது, மேட்டில் கல் போட்ட தரை இருக்கிறது, அதை எடுங்கள் என்று பார்க் சொந்தக்காரி சொன்னாள். நானும் அதைத்தான் சொன்னேன். நீங்களோ, "மரம் இருக்கோ எண்டு கேள்" என்றீர்கள். இருந்தது. பள்ளத்தில், புல்தரையின் கடைசியில்.

"வெயில் இல்லாத இடத்தில மரம் என்னத்துக்கு அண்ணை?"

"வாகனம் எண்டா மரத்துக்குக் கீழதான் விடுறது. நீ மரத்தைச் சொல்லடா."

ஊரில் லொறி ஓடிய ஆள் நீங்கள். வெயிலில் விட்ட சீற்றில் திரும்ப ஏறி இருக்கேலாது என்பது உடம்பில் ஊறியிருந்தது. மரத்தைச் சொன்னேன்.

அங்கே மழை பெய்தது. மழை விட்ட நேரங்களில் மரம் பெய்தது. துளசி தாயோடு ஒட்டிக்கொண்டு ஒரு பக்கம், நீங்கள் மறுபக்கம், நடுவில் நான் மொழிபெயர்ப்பாளன் மாதிரி. உங்களிடம் ஏதும் கேட்கவேண்டும் என்றால் அவள் என்னிடம் சொன்னாள். அந்த 'மாமா'வும் நின்றுபோனது. ரை கட்டும் சந்தர்ப்பம் வரவில்லை.

வெளிக்கிடும் காலையில் வானின் சில்லுகள் சேற்றில் பாதி புதைந்திருந்தன. சொந்தக்காரி ஸ்ரியரிங்கில் ஏற, பின்னால் ஒரு மூலையை நீங்கள் தள்ள, மற்ற மூலையை நான் தள்ள, சில்லு சேற்றை அள்ளி எங்கள் மேல் இறைத்தது. திடீரென்று வான் முன்னால் பாய, நீங்கள் முகங்குப்புற விழுந்தீர்கள்.

"அம்மா, அப்பா விழுந்திட்டார்" என்று குடைக்குள் நின்ற துளசி கத்தினாள்.

நீங்கள் எழும்பவில்லை. அக்கா பதறிக்கொண்டு ஓடிவந்தார். சேற்றில் கிடந்தபடியே, "இன்னொருக்காச் சொல்லட்டும், எழும்புறன்" என்றீர்கள். அவள் சொன்னாள்.

தை மாதம், ஷிப்ட் முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றும்போது நெஞ்சைப் பிடித்தீர்கள். அவ்வளவுதான். அதுவரை அந்த வீட்டில் அப்பா, அப்பா என்று ஓயாத சத்தம். உங்களுக்கு அதில் குறை இல்லை.

இப்போது அந்த மழை விடாத கரைக்குப் போகிற எங்கள் ஆட்கள், சவுத்தாலில் இருந்துகூட, என்னிடம்தான் பார்க் கேட்கிறார்கள். மேடு, கல்தரை, மரம் அறவே கூடாது என்று டொக்டர் மாதிரிச் சொல்கிறேன். கூடவே, இரண்டு பேராக வானைத் தள்ளிய கதையையும் ஒவ்வொருவருக்கும் சொல்கிறேன். துளசி கத்தியது மாதிரியே கத்திக் காட்டுவேன். நல்லாய் வரும்.

ஒரு விஷயம், அண்ணை. நான் தள்ளவில்லை. என் சொல்லைக் கேட்கவில்லைத்தானே என்று முறுக்கிக்கொண்டு, குளியலறைக் கட்டடத்தில், கை காயவைக்கிற மெசினுக்குக் கீழே நனைந்த சப்பாத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது இரைகிற இரைச்சலில் வெளியே இடி விழுந்தாலும் கேட்காது. வந்து பார்க்க, நீங்கள் சேறு வழிய நின்றீர்கள், அவள் உங்கள் தோளில் இருந்தாள். நடந்ததை வரும் வழியில் அக்காதான் சொன்னார். ஊரெல்லாம் நான் கத்திக் காட்டுகிற அந்தக் குரலை நான் கேட்கவேயில்லை.