சாப்பாட்டு அம்மா

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று ஆரம்பிக்கத்தான் காகிதத்தை எடுத்தேன். உடம்பைப் பொறுத்தவரை அது உண்மை. உன் மகள் முட்டைக்கண்ணிக்குச் சளி விட்டுவிட்டது. கன்னம் கொஞ்சம் தேறியிருக்கிறது. அத்தானுக்கு முதுகுவலி, வழக்கம்போல.

நீ அனுப்பிய குரல்செய்தியை பஸ்ஸில் நின்றபடியே கேட்டேன். "என் பொண்ணு என் முகத்தைப் பார்க்க மாட்டேங்கிறா. நீதான் ஏதோ சொல்லிக் கெடுக்கிறே. உனக்கு வளர்க்க ஒரு குழந்தை வேணும்னா பெத்துக்கோ, என்னோடதை விட்டுடு" என்று சொல்லியிருந்தாய். பக்கத்தில் நின்ற பெண் என் முகத்தைப் பார்த்து, இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டாயா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

அதே செய்தியின் கடைசியில், இன்னும் இரண்டு வருஷத்துக்கு அந்த வெளிநாட்டு வீட்டில் பிள்ளை பார்க்கக் கையெழுத்துப் போடப் போவதாகச் சொன்னாய். "அவதான் நல்லாச் சாப்பிடுறாளே, நல்லாத் தூங்குறாளே, அப்புறம் என்ன?"

அப்புறம் என்ன என்பதைத்தான் எழுதுகிறேன். போனில் சொல்ல மனம் வரவில்லை. அத்தான் போன் இப்போது உன் மகளுடையது.

என் வேலையைச் 'சோறூட்டுற உத்தியோகம்' என்று நீ கேலி செய்வாய். சரிதான். குழந்தைகள் ஆஸ்பத்திரியின் கடைசி அறை. குட்டை மேசை, குட்டை நாற்காலிகள், தரையில் துடைத்தெடுக்கிற விரிப்பு. சாப்பிடாத, தூங்காத பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பெற்றவர்கள் வருகிறார்கள். தாங்களும் சரியாகத் தூங்கிப் பல மாதம் ஆன முகங்கள். நான் முதலில் பிள்ளையைப் பார்ப்பதில்லை. ஊட்டுகிறவரைப் பார்ப்பேன். கரண்டி நகரும்போது அவர்கள் வாய்தான் முதலில் திறக்கும். அது அவர்களுக்கே தெரியாது. கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது: போனை வெளியே வைத்துவிட்டு வாருங்கள். எழுதியது நான்.

அத்தான் வீட்டுக்கு ஞாயிறு மாலையில்தான் போவேன். சாப்பாட்டு நேரத்துக்கு வராதே, வேறு ஆளைக் கண்டால் அவள் வாயைத் திறக்கமாட்டாள் என்று அவர் சொல்லியிருந்தார். போன வாரம் எங்கள் அறையில் கூரை ஒழுகியது. எல்லோரையும் வேறு நாள் வரச்சொல்லிவிட்டு மத்தியானமே அங்கே போனேன்.

கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே உன் குரல்.

வந்துவிட்டாய் என்று நினைத்தேன். வாசலில் உன் செருப்பைத் தேடினேன்.

தண்ணீர்ச் செம்பில் போனைச் சாய்த்து வைத்திருந்தார்கள். திரையில் நீ. "ஆ காட்டு. இது எலி வாய். யானை வாய் எங்கே?" என்கிறாய். உன் வாய் திறக்கிறது. அவள் வாய் திறக்கிறது. அத்தான் ஒரு கவளம் வைக்கிறார். எனக்குச் சிரிப்புகூட வந்தது. அப்போது உன் பக்கத்தில் வேறொரு குழந்தை அழும் சத்தம். நீ தலையைத் திருப்பி, "இதோ வந்துட்டேன் கண்ணா" என்கிறாய். திரையில் உன் காது. ஒரு சுவர். முட்டைக்கண்ணி மெல்லுவதை நிறுத்தினாள். அத்தான் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டார். ஊட்ட முயலவில்லை. "இரு, அம்மா வருவா" என்று அவள்தான் அவருக்குச் சொன்னாள். நீ திரும்பினாய். "எங்க விட்டோம்?" என்றாய். அவள் மறுபடி மென்றாள்.

முடிந்ததும் அத்தான் திரையை விரலால் தொட்டார். "ஆ காட்டு. இது எலி வாய்" என்று மறுபடி ஆரம்பித்தாய்.

அது அழைப்பு இல்லை, அக்கா. எப்போதோ பதிந்து வைத்தது.

வேலை நேரத்தில் போன் கூடாது என்று அந்த வீட்டம்மா சொன்ன பிறகு நீ மத்தியானம் கூப்பிடுவதை நிறுத்தினாய் அல்லவா? அன்றிலிருந்து இவள் வாயை மூடிக்கொண்டாளாம். அவர் கெஞ்சினார், மிரட்டினார், வீடு முழுக்கத் தூக்கிக்கொண்டு நடந்தார். கடைசியில் இதைப் போட்டார். யானை வாய் திறந்தது. உன்னிடம், பழகிவிட்டாள், நன்றாகச் சாப்பிடுகிறாள் என்றார். பொய் சொல்லவில்லை. யாரைப் பார்த்துக்கொண்டு என்பதைச் சொல்லவில்லை.

அந்த வீட்டு விதி நல்ல விதி. என் கதவிலும் அதுதான் ஒட்டியிருக்கிறது. அந்தப் பிள்ளை உன் முகத்தைப் பார்த்துச் சாப்பிடுகிறது.

அத்தானிடம் சத்தம் போட்டேன். அவரும் போட்டார். "பட்டினி போடச் சொல்றியா? உன் படிப்பை உன் ரூம்லயே பூட்டி வச்சுக்கோ. இங்க எனக்கு ஷிப்டுக்கு நேரமாச்சு" என்றார். பிறகு தட்டைக் கழுவிக்கொண்டே, "அவ அங்க நிம்மதியா இருக்கணும்னுதான்" என்றார். என் அறைக்கு அப்படி ஓர் அப்பா வந்திருந்தால், இவ்வளவு தூரம் தனியாகச் சமாளித்திருக்கிறீர்களே, இனிச் சேர்ந்து பார்ப்போம் என்று சொல்லியிருப்பேன். அதைச் சொல்லத்தான் சம்பளம். அவரிடம் வரவில்லை.

தூக்கமும் அப்படியே. போனைக் கன்னத்துக்கடியில் வைத்துக்கொள்கிறாள். சூடாக இருக்க வேண்டும். ஆறிவிட்டால் விழித்துக்கொள்கிறாள். "உங்க அக்கா சூடு அப்படி" என்று அத்தான் சிரிக்கப் பார்த்தார். அங்கே குழந்தைகளைத் தனி அறையில் படுக்கவைத்துப் பழக்குவது எப்படி என்று எனக்கு நீளமாக எழுதியிருந்தாயே. இங்கே அவளும் தனியாகத்தான் தூங்குகிறாள்.

அன்று நீ வீடியோவில் கூப்பிட்டபோது லைன் கட்டானதே, அது லைன் இல்லை. உன் முகம் வந்ததும் அவள் பார்த்தாள். நீ முடியை வெட்டியிருந்தாய். வேறு ஏதோ பேசினாய், கேள்வி கேட்டாய். அவளுடைய அம்மா கேள்விக்குப் பதில் எதிர்பார்ப்பதில்லை. அவள் போனைத் தள்ளிவிட்டு, "இது வேணாம். சாப்பாட்டு அம்மா போடு" என்று கத்தினாள். உன் காதில் விழுவதற்குள் அத்தான் துண்டித்தார்.

நான் ஒன்றும் சொல்லிக் கெடுக்கவில்லை. எனக்கு முன்னாலேயே அந்தப் பதிவில் நீ அங்கே இருந்தாய்.

இந்த வாரம் லீவு போட்டேன். அத்தான் சம்மதித்தார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. போனை அலமாரியில் வைத்தோம். முதல் இரண்டு நாள் தட்டைக் கவிழ்த்தாள், என்னைக் கடித்தாள். நான் ஊட்டவில்லை. எதிரில் உட்கார்ந்து நானும் சாப்பிட்டேன். நேற்று தானாகவே ஒரு பிடி எடுத்து வாயில் வைத்தாள். இன்னொரு பிடி. அத்தான் அடுப்படி வாசலில் அசையாமல் நின்றார்.

பாதியில் நிறுத்தினாள். தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்து, "இதோ வந்துட்டேன் கண்ணா" என்றாள். உன் குரலில். கொஞ்ச நேரம் அப்படியே காத்திருந்தாள். பிறகு திரும்பி, "எங்க விட்டோம்?" என்று கேட்டுவிட்டு அடுத்த பிடியை எடுத்தாள்.

அத்தான் வெளியே போய்விட்டார்.

தட்டு காலியானது. நல்ல செய்திதான். என் அறையில் என்றால் கை தட்டியிருப்பேன்.

கையெழுத்துப் போடுவதும் போடாததும் உன் இஷ்டம். நீ சம்பாதிக்கிறாய், நான் பேசுகிறேன். அது எனக்குத் தெரிகிறது. அவள் நன்றாகச் சாப்பிடுகிறாள் என்பதற்காக மட்டும் போடாதே. வேறு காரணம் இருந்தால் போடு.

கை கழுவும்போது என்னைக் கேட்டாள்: "சித்தி, கண்ணா யாரு?"

எனக்குத் தெரியாது என்றேன். அம்மாவுக்குத் தெரியும் என்றேன். எந்த அம்மா என்று கேட்டாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு. அந்தப் பிள்ளை தூங்கும்போதாவது நீயும் தூங்கு. அவளுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை, அக்கா. அதை உனக்கென்று வைத்திருக்கிறேன்.

உன் தங்கை