அத்தை கூப்பிட்டது உன்னை

அன்புள்ள சின்னவளுக்கு,

அண்ணன் எழுதுகிறேன். இங்கே அத்தை வீட்டில் எல்லோரும் நலம், மாமாவின் இடுப்பைத் தவிர. அப்பா எப்படி இருக்கிறார்? இருமல் குறைந்ததா? போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் நான் எதைச் சொல்ல வந்தாலும் நீ "பரவால்லண்ணே" என்று வைத்துவிடுவாய். இதை நீ முழுதாகக் கேட்டாக வேண்டும்.

முதலில் என் பிழைப்பைச் சொல்கிறேன். முதுகில் வெயில் சுடும் வரை தூக்கம். காபி தலைமாட்டுக்கே வரும். பிறகு கடற்கரையில் பேருக்கு ஒரு நடை, ஈர மணலில் ஒரு படுக்கை, வந்து சாப்பாடு, உண்ட மயக்கத்தில் இன்னொரு தூக்கம். சாயங்காலம் மாமா பழுது பார்க்கும் படகு மோட்டார்களுக்கு நடுவில் உட்கார்ந்து வெட்டிக்கதை. "அத்தான் ஊருக்குப் போறப்போ கட்டிலோடதான் தூக்கி அனுப்பணும்" என்று அத்தை மகள் கேலி செய்தாள். அத்தை அவளை அதட்டினார். "சும்மா இருடி. படுத்த படுக்கையா கெடக்கற என் அண்ணனத் தூக்கித் தூக்கி ஓடாத் தேஞ்சு வந்திருக்கான். தூங்கட்டும் பாவம்."

திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான்.

நான் கிளம்புவதற்கு முன் அத்தை என்னிடம் போனில் சொன்னது இது: "அண்ணனப் பாத்துக்கறது லேசா? பாத்துக்கற ஆளு ஒரு வாரம் இங்க வந்து காத்து வாங்கிட்டுப் போகட்டும்." நான்தான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவராகவே நினைத்துக்கொண்டார். நானும் திருத்தவில்லை. உன்னிடம் வந்து, "அத்தை என்னை வரச் சொல்றாங்க" என்றேன். நீ என் சட்டைகளைத் தேய்த்துப் பெட்டியில் அடுக்கிக் கொடுத்தாய்.

முந்தாநாள் மாமா பட்டறையில் எண்ணெய் சிந்திய தரையில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை, ஆனால் அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நேற்றுக் காலை அத்தை என்னைக் கூப்பிட்டார். "நீதான் கை தேர்ந்தவனாச்சே, மாமாவக் கொஞ்சம் ஒருக்களிச்சுப் படுக்க வைடா." நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். மாமா போட்ட சத்தத்தில் அத்தை மகள் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டே மாமா கேட்டார்: "ஏண்டா, உங்கப்பாவையும் இப்படித்தான் இழுப்பியா?"

அப்பாவை நான் தொட்டதே இல்லை என்று சொல்லிவிட்டேன். அவர் முனகத் தொடங்கினாலே செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போய்விடுவேன், நீ தனியாக அவரைப் புரட்டித் துடைத்து முடித்த பிறகுதான் வீட்டுக்குள் வருவேன் என்பதையும் சொன்னேன். அத்தை மாமாவின் தலையணையைச் சரிசெய்தார். பிறகு, "அந்தப் புள்ளைக்கு முதுகு வலி இருக்காடா?" என்று கேட்டார். இருக்கிறதா, சின்னவளே?

இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வந்து சேரும். நான் சனிக்கிழமை வருகிறேன். திங்கட்கிழமை ரயிலுக்கு உன் பேரில் டிக்கெட் எடுத்துவிட்டேன். அத்தை உனக்கு ஜன்னல் பக்கத்துக் கட்டிலை ஒழித்து வைக்கிறார். மாமா படுத்திருக்கும் அறைப் பக்கமே நீ எட்டிப் பார்க்கக் கூடாதாம், உத்தரவு.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவை எப்படித் திருப்புவது, தலையணையை எங்கே கொடுப்பது என்று எனக்குச் சொல்லிக் கொடு. முதல் தடவை அவர் வலியில் கத்துவார். நீ பதறிக்கொண்டு கையை நீட்டுவாய். நீட்டாதே. நானும் செருப்பைத் தேட மாட்டேன்.

திட்ட வேண்டும் என்று தோன்றினால் நன்றாகத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் திட்டிவிட்டுக் கிளம்பிவிடு. உன் உடம்பு தேறி, முகம் தெளிந்து நீ திரும்பி வர வேண்டும். அதுவரை அப்பாவை என்னை நம்பி விட்டுவிட்டுப் போம்மா.

இப்படிக்கு,
உன் அண்ணன்