எல்வுட்டின் கொட்டகை எரிந்த மணல்

வட கரோலைனா
ஜூலை 9

அன்பு மகள் லோராவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். என் முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. உன் நாய் பகலெல்லாம் தூங்கிவிட்டு, நான் பிஸ்கட்டைப் பிட்டால் மட்டும் எழுந்து வருகிறது. நீ இருக்கும் ஒரேகனில் ராத்திரி குளிருமாமே, ஸ்வெட்டர் இல்லாமல் திரியாதே.

போன வியாழக்கிழமை பக்கத்து நிலத்து எல்வுட் ப்ளூ வரச் சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன், புதரும் சருகும் மண்டாமலிருக்க நம் பைன் காட்டில் நாம் வைத்த தீ எல்லை தாண்டி அவருடைய புகையிலைக் கொட்டகையை எரித்ததே, அந்த இடத்துக்கு. பதினைந்து வருடம் புதர் மூடிக் கிடந்த மணலில், தீ பட்ட மணலில்தான் முளைக்கும் என்று உன் அம்மா தேடித் தேடி அலைந்த அந்த அபூர்வக் கொடி நாலாபக்கமும் படர்ந்து கிடக்கிறது. கொடி நிறைய வெள்ளைப் பூ.

எல்வுட் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "உம் பொண்ணு வச்ச தீதான்யா இதை எழுப்பியிருக்கு. எனக்குக் கோபமெல்லாம் போயிருச்சு. அவளுக்கு எழுதிப் போடு" என்றார்.

என்னால் அங்கே நிற்க முடியவில்லை, லோரா. கொட்டகை எரிந்த அன்று ஷெரிஃப் ஆபீஸ் போலீஸ்காரர் வந்து கேட்டபோது, தவறு உன்னுடையது என்று நீ முந்திக்கொண்டு பழியை ஏற்றுக்கொண்டாய். காடுகளுக்குத் தீ வைக்கும் என் உரிமம் போனால் என் பிழைப்பும் போகும் என்று பயந்தாய். சர்ச்சில் உன் பக்கத்தில் யாரும் உட்காராதபோதும் நான் வாயைத் திறக்கவில்லை.

போன வியாழக்கிழமை அந்த மணலிலேயே எல்லாவற்றையும் எல்வுட்டிடம் சொல்லிவிட்டேன். தீ வைத்த அன்று காலை, மதியத்துக்குள் காற்று திரும்பும், இன்று வேண்டாம் என்று நீ சொன்னதை. முப்பது வருடமாகத் தீ வைப்பவனுக்கு நீ காற்றைப் பற்றிச் சொல்லித் தருகிறாயா என்று கேலி செய்து, தீப்பந்தத்தை உன் கையில் நான் திணித்ததை.

அவர் தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். பிறகு, "ரெண்டு வருஷமா இதை வயித்துக்குள்ள வச்சுக்கிட்டு உனக்கு எப்படிய்யா சாப்பாடு இறங்குச்சு?" என்று கேட்டார். கை கொடுக்காமலே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எழுந்து நின்று எல்லாருக்கும் கேட்கும்படி உண்மையைச் சொன்னேன். வனத்துறைக்கும் எழுதிவிட்டேன். உரிமத்தைப் பிடுங்கினால் பிடுங்கட்டும்.

வரும் பிப்ரவரியில் நம் காட்டுக்குத் தீ வைத்தாக வேண்டும். பந்தத்தை நான் தொடப்போவதில்லை. நீ வந்து காற்றைப் பார். எந்த நாள் என்று நீ சொல். வேண்டாம் என்று நீ சொன்னால், தண்ணீர் வண்டியைத் திருப்பிக்கொண்டு பேசாமல் வீட்டுக்கு வந்துவிடுவேன்.

நீ வராவிட்டாலும் கடவுள் உன்னை நன்றாக வைக்கட்டும், மகளே. ஆனால் வா.

உன் அப்பா,
ஆல்டன்